ஏழாம் கட்டில்

"அக்கா, திரும்பி வருவீங்களா?" என்று ஏழாம் கட்டில் சிறுமி ஒருமுறை கேட்டாள். ரத்தம் எடுத்த மருத்துவ மாணவி ஜெசிந்தா, "சாயங்காலம் வரேன்மா" என்றாள், மறந்துபோனாள். மறுநாள் சிறுமி இல்லை. மெத்தையை வெயிலில் போட்டிருந்தார்கள்.

இன்று அறநெறித் தேர்வு கணினி விளையாட்டாக வந்தது. திரையில் ஒரு குழந்தை அதே கேள்வியைக் கேட்டது. ஜெசிந்தா ‘வருவேன்’ என்பதை அழுத்தினாள். முழு மதிப்பெண் விழுந்து, அடுத்த வார்டு திறந்தது.

"முடிச்சாச்சுல்ல, கிளம்புடி. போண்டா தீர்ந்துடும்" என்றாள் உடன் படிக்கும் பர்வீன்.

"நீ போ."

தேர்வறை காலியானது. முந்தைய வார்டுக்குத் திரும்பிச் சென்றால் மதிப்பெண் அழியும் என்று திரை எச்சரித்தது. அவள் திரும்பினாள். கட்டில் வெறுமையாக இருந்துவிடுமோ என்று பயந்து திரையில் தெரிந்த வார்டுக் கதவருகே வெகுநேரம் நின்றாள். ஜெபித்துவிட்டுத் திறந்தாள்.

குழந்தை விழித்தே இருந்தது. ஜெசிந்தா நாற்காலியை அருகே இழுத்து உட்கார்ந்தாள்.