நூற்று முப்பத்தெட்டு

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும், எனக்கு மிச்சமிருக்கும் ஐந்து பற்களும் இந்த நிமிடமே உதிரட்டும். அவற்றில் இரண்டு ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கின்றன என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கோல்ஃப் மைதானத்தின் கடைசிக் குழிக்கு முன்னால், குளத்தங்கரையில், பெண்ணின் அப்பா அந்தக் கருவியை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நின்றார்.

சோப்புக்கட்டி அளவுதான் இருக்கும். வானத்தில் சுற்றும் நாலைந்து செயற்கைக்கோள்களை விசாரித்து, நிற்கிற இடத்திலிருந்து அக்கரையில் குழியும் கொடியுமாக இருக்கும் புல்திட்டு, அதாவது கிரீன், எத்தனை மீட்டர் என்று சொல்லிவிடும்.

அவருக்கு அது தேவையே இல்லை. ஓய்வுபெற்ற சர்வேயர். பக்கத்துத் தெருவில் யாராவது தும்மினால், "அறுபத்திரண்டு மீட்டர், எதிர்க்காற்று" என்பார். எல்லைத் தகராறில் முறைத்துக்கொண்டு நின்ற இரண்டு பங்காளிகளின் மூக்குகளுக்கு இடையே உள்ள தூரத்தைக் கண்ணாலேயே அளந்து, சரிபாதியில் கல்லை நட்டுவிட்டு வந்தவர். கல் இன்னும் இருக்கிறது. மூக்குகள்தான் போய்விட்டன.

அளவில் அவர் பொய் சொன்னதே கிடையாது. இடுப்பு பெருத்துவிட்டதா என்று மனைவி கேட்டதற்குச் சென்டிமீட்டரில் பதில் சொல்லி, இரண்டு நாள் சோறில்லாமல் கிடந்தவர்.

பதினான்கு ஞாயிற்றுக்கிழமைகளாக இந்தப் புல்லில் நடக்கிறார். ஆடுவதற்கு அல்ல. ஆடுகிறவர் சம்பந்தி, கட்டட கான்ட்ராக்டர். "நீங்க அளந்து சொன்னா எனக்கு ராசி, சம்பந்தி" என்று முதல் வாரம் கருவியைக் கையில் திணித்தார். மூன்றாம் வாரம் மட்டைப் பையும் தோளில் ஏறிக்கொண்டது. யார் ஏற்றினார்கள் என்று இருவருக்குமே ஞாபகமில்லை.

மகள் ஒரே ஒரு பெட்டியோடு பிறந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதமாகிறது. ஏன் என்று கேட்டால், "பிடிக்கல, வந்துட்டேன்" என்பதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. பையனை அனுப்பி அவளை அழைத்துக்கொள்கிறேன் என்று சம்பந்தி வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்துவிடாதா என்றுதான் அவர் பை சுமந்தார்.

சம்பந்திக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் சட்டைக் கையை விலக்கிக் கடிகாரத்தைப் பார்ப்பார். பெரிய மனிதர், ஆயிரம் வேலை. அதன் பிறகுதான், "எவ்வளவு?" என்பார்.

அன்றைக்குச் சம்பந்தியோடு சேர்ந்து ஆட வந்த பல் டாக்டருக்குப் பொறுக்கவில்லை.

"என்ன சார், மருமகளைக் கூட்டிட்டுப் போற உத்தேசம் இருக்கா? இல்ல, இவருக்குக் கூன் விழுந்த பிறகுதானா?"

சம்பந்தி சிரித்தார். "சரி டாக்டர், நீங்களே சாட்சி. இந்தப் பந்து குளத்தைத் தாண்டி கிரீன்ல நின்னுச்சுன்னா, நாளைக்கே பையனை அனுப்பறேன்."

பெண்ணின் அப்பா கருவியைப் பார்த்தார். நூற்று முப்பத்தெட்டு. கண்ணால் பார்த்தார். அதே நூற்று முப்பத்தெட்டு. அந்தத் தூரமெல்லாம் சம்பந்தி கொட்டாவி விட்டுக்கொண்டே அடிப்பார். எண்ணைச் சொன்னால் போதும், மகளுக்கு வாழ்வு வந்துவிடும்.

சம்பந்தி கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அவனும் பாவம்தான், சம்பந்தி. கோபம் வந்தா வாய்க்கு முன்னாடி கை வந்துடும், அவ்வளவுதான். உங்க பொண்ணுதான் அதைப் பெரிசா எடுத்துக்கிட்டா."

எட்டு மாதமாக மகள், யார் கூப்பிட்டாலும் வலது பக்கம்தான் திரும்புகிறாள். போனை வலது காதில்தான் வைக்கிறாள். இடது பக்கம் நின்று எதைக் கேட்டாலும் பதில் வராது. திமிர் என்று அவரே ஒருநாள் திட்டியிருக்கிறார்.

ஊரையெல்லாம் அளந்தவர், ஒரே வீட்டுக்குள் இதை அளக்காமல் விட்டுவிட்டார்.

சம்பந்தி வழக்கம்போலக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எவ்வளவு?"

"நூத்தி இருபது," என்றார் பெண்ணின் அப்பா.

பிறந்ததிலிருந்து அவர் சொன்ன முதல் பொய் அளவு. அதன் கனத்தில் அவருடைய செருப்பு புல்லுக்குள் இரண்டு அங்குலம் இறங்கியதை டாக்டர் பார்த்தார்.

சம்பந்தி அந்தக் குறைந்த தூரத்துக்கான மட்டையைக் கேட்டு வாங்கினார். அடித்தார். பந்து அழகாக எழும்பி, அழகாக வளைந்து, அக்கரைக்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீரில் விழுந்தது.

வட்டம் விரிந்து கரையைத் தொட்டது.

பெண்ணின் அப்பா பையைக் கீழே இறக்கி வைத்தார். இனி எடுக்கப்போவதில்லை. நாளைக் காலை முதல் வேலை, காது டாக்டர். பதினெட்டு மீட்டர் பொய்யில் மகளைக் காப்பாற்றிவிட்டார். பதினான்கு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் நெஞ்சு நிமிர்ந்து மூச்சு வந்தது.

"போச்சே," என்றார் சம்பந்தி. குரலில் அப்படியொரு வருத்தம். "நான் என்ன செய்யட்டும், உங்க பொண்ணுக்குக் கொடுத்து வைக்கல."

ஆறுதலாக இடது கையை நீட்டி அவர் தோளில் தட்டினார். சட்டைக் கை மேலே ஏறியது.

கடிகாரத்தில் மணி இல்லை. கடுகு மாதிரி ஒரு கொடியின் படம் இருந்தது. அதன் கீழே, 138.