சரிவில் சம்மணம்

அண்ணன் டிரைவர் சீட்டில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

“ஸ்டியரிங்கை மட்டும் பிடிக்கேன். பிரேக்குல கால் வைக்கமாட்டேன், சொல்லிட்டேன்” என்றான்.

ஏறினானே, அதுவே எனக்குப் பெரிய காரியம்.

பனவடலிசத்திரம் தாண்டி, மூடிக்கிடக்கும் கல்குவாரிக்கு இறங்கும் சரிவு. காலையிலேயே வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. சரிவின் உச்சியில் மூக்காண்டி அண்ணாச்சியின் லோடு ஆட்டோ நின்றது. சங்கரன்கோவிலில் பூக்கடை வைத்திருப்பவர். அவருடைய கடைப் பிச்சியையும் மல்லியையும் கேரளாவுக்கு ஏற்றிப் போய்க்கொண்டிருந்தவன்தான் என் அண்ணன் மகாராஜன்.

போன வருடம் ஓணத்துக்கு முந்தின வாரம், ஆரியங்காவு இறக்கத்தில் பிரேக் சூடேறிக் கைவிட்டுவிட்டது. வண்டி பாறையில் மோதி, பூவெல்லாம் ரோட்டில் கொட்டியது. அண்ணனுக்கு நெற்றியில் ஒரு கீறல், அவ்வளவுதான்.

ஆனால் வீட்டுக்கு வந்தவன், “மிதிச்சேன், பிடிக்கல” என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து எந்த வண்டியின் பெடலையும் அவன் தொடவில்லை. சந்தைக்குப் போகக்கூட யார் வண்டியிலும் ஏறாமல் நடந்தே போய் வந்தான். பூமாரி மதினி அழாத நாளில்லை.

அவனை மறுபடி வண்டியோட்ட வைக்க வேண்டும். எனக்கு வேறு நினைப்பே இல்லை.

நான் தறி மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவள். காயிலுக்குக் கரண்ட் கொடுத்தால் காந்தம். அண்ணாச்சி வண்டியின் பின்சக்கரங்களைச் சுழற்றும் தண்டில் ஓர் அலுமினியத் தட்டை மாட்டி, அதற்கு இரண்டு பக்கமும் என் காந்தங்களைத் தொடாமல் நிறுத்தினேன். அவற்றுக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்சை ஸ்டியரிங் பக்கத்தில் வைத்தேன்.

மூக்காண்டி அண்ணாச்சி முந்தின ராத்திரி வீட்டு அலுமினிய இட்லிக் கொப்பரையில் ஸ்பீக்கர் காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டு, விடியும் முன்பே என்னிடம் வந்துவிட்டார்.

“ஏட்டி செல்வி, அலுமினியத்துல காந்தம் ஒட்டவே மாட்டேங்கே. இது எப்படி வண்டியப் பிடிக்கும்?”

ஒட்டாதுதான். ஆனால் கொப்பரை சும்மா உட்கார்ந்திருக்கிறது, என் தட்டு சுற்றுகிறது.

காந்தத்துக்கு நடுவே சுற்றும்போது தட்டுக்குள்ளேயே மின்சாரம் சுழி சுழியாகக் கிளம்பும். அந்தச் சுழிகளும் காந்தமாகி எதிர்த்து இழுக்கும். கெட்டிக் கூழில் அகப்பையைச் சுற்றுவது மாதிரி தட்டு திணறும். உரசல் கிடையாது, தேய்மானம் கிடையாது. சூடும் தட்டோடு போய்விடும், பிரேக் லைனிங்குக்கு ஏறாது. மலை ஏறி இறங்கும் பெரிய பஸ்களில் இது இருக்கிறது. பூ ஏற்றும் வண்டியில் மட்டும் ஏன் இருக்கக்கூடாது?

இதையெல்லாம் சொன்னதும் அண்ணாச்சி கொப்பரையை மறந்து சாவியைக் கொடுத்துவிட்டார்.

மதினி முன்சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள். சரிவின் கீழே, தரை சமமாகும் முன்பே, நான் வைக்கோல் கட்டுகளை அடுக்கியிருந்தேன். அது எதற்கு என்று கேட்டாள். சும்மா ஒரு பாதுகாப்புக்கு என்றேன்.

வண்டி நியூட்ரலில் இருந்தது. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை அண்ணாச்சி உருவினார்.

எலுமிச்சம்பழம் நசுங்கியது. வண்டி இறங்கியது.

நானும் கூடவே ஓடினேன். வண்டி வேகமெடுத்தது. அண்ணன் சம்மணத்தைக் கலைக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

“எண்ணே, சுவிட்சைப் போடு.”

போடவில்லை. வண்டி என்னைத் தாண்டிப் போய்விட்டது. பின்னால் மதினி சங்கரநாராயண சாமியைக் கூப்பிடுவது கேட்டது. நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

போட்டான்.

வண்டி ஒரு தடவை தலையாட்டியது. யாரோ பின்னாலிருந்து வேட்டியைப் பிடித்து இழுத்தது மாதிரி தயங்கியது. சத்தமில்லை, புகையில்லை, கருகல் நாற்றமில்லை. வேகம் இறங்கிக்கொண்டே வந்தது.

ஓடிக்கொண்டிருந்த நான் வண்டியை முந்திவிட்டேன். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நான் கட்டிய காயில், இவ்வளவு பெரிய வண்டியைத் தொடாமலே பிடித்து, புதுப்பெண் மாதிரி நடக்க வைத்துவிட்டது.

அப்படியே நடந்து வந்த வண்டி, வைக்கோலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

“காந்தம் நிப்பாட்டிட்டே மக்கா” என்று அண்ணாச்சி துண்டைச் சுழற்றிக்கொண்டு சரிவில் ஓடிவந்தார். மதினிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

நான் மட்டும் அசையாமல் நின்றேன்.

அந்தக் காந்தத்துக்கு ஒரு குணம் உண்டு. நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அண்ணன் ஏறியிருக்கமாட்டான். தட்டு வேகமாகச் சுற்றினால்தான் அதன் பிடி வலுக்கும். வேகம் குறையக் குறையப் பிடியும் தளர்ந்துவிடும். சரிவில் அது வண்டியை மெதுவாக நடக்க வைக்கும், ஒருநாளும் நிற்க வைக்காது. வைக்கோலை அடுக்கியது அதற்காகத்தான்.

குனிந்து சக்கரங்களைப் பார்த்தேன். அடியில் ஒரு கல்கூட இல்லை.

வண்டிக்குப் பின்னால் ஓடினேன். இரண்டு சிவப்பு விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன.

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தேன். அண்ணன் சம்மணத்தைக் கலைத்திருந்தான். பிரேக் பெடலில் இருந்த காலை எடுக்காமலே என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“ஏட்டி, மிதிச்சேன்” என்றான். “பிடிச்சிட்டு.”