ஏரிக்கடியில் ஒரு தம்பி

"இந்தப் படத்தை எடுத்தவளைப் பிடிச்சு அதே ஏரியில முக்கணும்!" என்று சொல்லிச் சோளப்பொரி டப்பாவைத் தரையில் எறிந்தார் மெர்ல். மிச்சமிருந்த பொரி வெர்னாவின் காலணிமேல் சிதறியது.

படம் முடிந்து பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது. சனிக்கிழமை மத்தியானம் அமெரிக்காவில் ஏரிக்கரையிலுள்ள டுலூத் நகரத் திரையரங்கில் இலவசமாகப் பார்க்க வந்த இருநூறு பேரில், இருபது பேரை மட்டும் கருத்துக் கேட்பதற்காக முன்வரிசையில் இருத்தி வைத்திருந்தார்கள். எல்லார் சட்டையிலும் பெயர் எழுதி ஒட்டிய சீட்டு.

படக் கம்பெனி கலிபோர்னியாவிலிருந்து அனுப்பிய ஷெல்பி எதிரே உட்கார்ந்திருந்தாள். "பட விழாவில பாத்த விமர்சகர்கள் அத்தனை பேரும் கிழிச்சுட்டாங்க. முடிவு தாங்க முடியலையாம். ஏரி ராஜா பிடிச்சுட்டுப் போன தம்பி உயிரோட திரும்பி வர்ற மாதிரி மாத்தலாமான்னு கம்பெனி கேக்குது. நீங்க சொல்றதுதான் கடைசி. மாத்தணும்ங்கிறவங்க கை தூக்குங்க."

பதினேழு கைகள் எழுந்தன. வெர்னாவின் கை மடியிலேயே கிடந்தது.

படத்தில் ஓர் அக்கா, உறைந்த ஏரிக்கு அடியிலிருக்கும் இருட்டு ராஜ்ஜியத்துக்குத் தம்பியைத் தேடிப் போகிறாள். அவனைக் கண்டுபிடிக்கிறாள். கூட்டி வரத்தான் முடியவில்லை. கடைசியில் பனிக்கதவைத் தன் கையாலேயே சாத்திவிட்டுத் தனியாக மேலே வருகிறாள்.

வெர்னா பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு மார்ச் மாதம், அவள் தம்பி லைல் இளகின ஏரிப் பனிமேல் வண்டியை ஓட்டிக்கொண்டு போனான். வரவேயில்லை. அன்றிலிருந்து ஊரே அவளுக்கு ஆறுதல் ஆறுதலாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. இன்றைக்குத்தான் யாரோ ஒருத்தி அவளிடம் உண்மையைச் சொல்லியிருந்தாள். அதையும் பிடுங்கிக்கொள்ளப் போகிறார்களா?

"மாத்தாதீங்க" என்றாள்.

பக்கத்திலிருந்த ஜோலீன் தயங்கித் தயங்கிப் பேசினாள். "என் பசங்க உங்க பஸ்லதானே வர்றாங்க, வெர்னா. அவங்களோட உக்காந்து இதை எப்படிப் பாக்கிறது? ரொம்ப இருட்டு. அத்தனை விமர்சகர்களுமா தப்பா எழுதுவாங்க?"

"எழுதுவாங்க. அவங்க திரையைத்தான் பாத்தாங்க. ஒரு நாளாவது ஏரியைப் பாத்திருக்க மாட்டாங்க."

மெர்ல் தொடையைத் தட்டிச் சிரித்தார். "அடேங்கப்பா! பஸ் ஓட்டுற அம்மா பாடம் நடத்த வந்துட்டாங்கப்பா! நாலு வருஷம் உக்காந்து இந்தக் குப்பையைப் பண்ணியிருக்கா ஒருத்தி. இது புரிஞ்சுதுன்னு சொல்ல இன்னொருத்தி. உங்க ஊர்க் குளிர்ல மூளையும் உறைஞ்சு போகுமோ?"

தன் காலை மிதித்தவனிடமே மன்னிப்புக் கேட்கிற ஊர் அது. அங்கே யாரும் இப்படிப் பேசிக் கேட்டதில்லை. கை தூக்கினவர்கள்கூட நெளிந்தார்கள்.

வெர்னாவுக்குக் காது மடல் வரை கொதித்தது. "என் தம்பி இந்த ஏரிக்குள்ளதான் கிடக்கான். உடம்புகூடக் கிடைக்கல. 'வருவான், வருவான்'னு எங்கம்மா சாகிற வரைக்கும் வாசல் விளக்கை அணைக்கல. அந்தக் கதவை யாராவது சாத்தித்தான் ஆகணும், சார். அதை இந்தப் படம் எடுத்த பொண்ணுக்குச் சொல்லத் தெரிஞ்சிருக்கு. உங்களுக்குக் கேக்கத்தான் தெரியல."

மெர்ல் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சிதறிக் கிடந்த பொரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அப்போ உங்களுக்கு வேண்டியது நல்ல டாக்டர்தான், அம்மா. சினிமா இல்ல."

"வாயை மூடுங்கய்யா!" ஜோலீன் எழுந்தே விட்டாள். "மனுசன்தானா நீங்க? அந்தக் கதவு சாத்துற இடத்துல எனக்கும்தான் நெஞ்சை அடைச்சுது. அது பயம்னு நினைச்சுக் கை தூக்கிட்டேன். இப்பச் சொல்றேன், அம்மிணி, எழுதிக்கோங்க. ஒரு நூலுகூட மாத்தக் கூடாது!"

"எனக்கும் அப்படித்தான்" என்றார் வரிசைக் கடைசியிலிருந்து ஒரு கிழவர். "இந்தாளு நிக்கிற பக்கம் நான் நிக்க மாட்டேன்."

"போங்கய்யா, மந்தைங்களா!" என்றார் மெர்ல். "இவ்வளவு மோசமான ரசனையை எந்தக் கடையில வாங்குனீங்க?"

ஷெல்பி அவசரமாக மறுபடியும் கை தூக்கச் சொன்னாள். மாற்ற வேண்டும் என்று இந்தத் தடவை மூன்று பேர்தான். மெர்ல் மட்டும் இரண்டு கையையும் தூக்கினார். அதற்கும் நாலைந்து பேர் அவரைத் திட்டினார்கள்.

"முடிவு அப்படியே இருக்கட்டும்னு எழுதிக்கிறேன்" என்று ஷெல்பி குறிப்பேட்டை மூடினாள். ஜோலீன் வெர்னாவைக் கட்டிக்கொண்டாள்.

ஜெயித்தும் வெர்னாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. லைலின் சாவைக் கேலி பண்ணினவனைச் சும்மா விடுவதா? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தையைத் தயாராக வைத்துக்கொண்டு, வண்டிகள் நிற்கிற இடத்துக்கு விறுவிறுவென்று போனாள்.

கடைசி வரிசையில், பக்கத்து மாநிலமான வடக்கு டகோட்டாவின் எண் போட்ட சேறு படிந்த வண்டிக்குள் மெர்ல் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. காதில் கைப்பேசி, இன்னொரு கை கண்களைப் பொத்தியிருந்தது, தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

கண்ணாடியைத் தட்ட ஓங்கிய வெர்னாவின் கை அப்படியே நின்றது.

"அழாதே பாப்பா... அப்பா திட்டின திட்டுல உன் படம் பிழைச்சுக்கிச்சு!"