குருவி இல்லாத தாமரை

"குருவி எங்க?"

கனகரெத்தினம் சேர் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார். தாளில் ஒரு தாமரை, ஒரு மொட்டு, வளைந்த தண்டு. தண்டின் நுனி வெறுமையாக இருந்தது.

"நான் குருவி கீறல்ல சேர்," என்றாள் றெஜிதா.

கல்முனையில் பெண்களுக்காக அவர் நடத்திய சீன ஓவிய வகுப்பின் கடைசி நாள் அது. மறுநாள் கண்காட்சி.

"பூவும் பறவையும் எண்டுதானே இந்த ஓவியத்துக்குப் பேரே. தண்டில ஒரு மீன்கொத்திய இருத்துங்க. நேரம் இருக்கு."

"கீற மாட்டன்."

மற்றவர்கள் தூரிகையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏலாதா?"

"ஏலும். கீற மாட்டன்."

"குருவி இல்லாத படத்த நான் மாட்ட மாட்டன், றெஜிதா."

"பூவ மட்டும் கீறின சீன ஓவியர்மார் எத்தின பேர்? நீங்கதானே சேர் காட்டினீங்க. அதெல்லாம் பிழையான படமா?"

"அவங்க பெரிய ஆக்கள். நீங்க படிக்க வந்த ஆள்."

"அப்ப என்ட படத்தத் தாங்க. நாளைக்கு வெளியில கேற்றில கட்டித் தொங்கவிடுறன். வாற சனம் பாத்துச் சொல்லட்டும்."

"சரியான தலைக்கனம்கா இவக்கு!" பின்னால் இருந்து றுஸ்னா சொன்னது எல்லோருக்கும் கேட்டது. றெஜிதா அசையவில்லை. நீட்டிய கையை மடக்கவும் இல்லை.

சேருக்கு அலுத்துவிட்டது.

"சரி, மாட்டுறன். விருப்பமில்லாத ஆக்கள் குருவி கீறாம விடுங்க. போதுமா?"

"போதும் சேர்."

மறுநாள் சுவர் நிறையக் குருவிகள். இரண்டு படங்களில் மட்டும் பூக்கள் தனியாக நின்றன. ஒன்று றெஜிதாவுடையது. மற்றது அவளுக்குப் பக்கத்து மேசையில் இருந்து படித்த அம்ஹாவுடையது.

றெஜிதாவின் கணவன் டனிஸ்டன் படத்தைப் பார்த்துத் திகைத்துப்போனான்.

"என்ன இது? வீட்டில மீன்கொத்தியாக் கீறித் தள்ளினியே! அதில ஒண்டக் கொண்டு வந்திருக்கலாமே?"

"மெல்லக் கதைங்க. அம்ஹாக்குக் கேட்டிரும்."

"கேட்டா என்ன?"

"அவ மனுசர், குருவி மாதிரி உசிருள்ளதக் கீற மாட்டா. அவட மார்க்க நம்பிக்கை அது. சேர் குருவி கட்டாயம் எண்டதும், வகுப்பையே விடப்போறன் எண்டு நிண்டா."

"அதுக்கு நீ ஏன் கீறாம விட்டாய்?"

றெஜிதா சுவரைப் பார்த்தாள்.

"குருவியில்லாம ஒரு படம் தொங்கினா, சனம் கீறின ஆளப் பாக்கும். ரெண்டு தொங்கினா, படத்தப் பாக்கும்."