மதுரை பேசியவன்

டிவி முன்னால் மூன்று பேர் இருந்தார்கள்: அஜ்மல் பீவி, அவருடைய மூத்த மகன் சிராஜ், மருமகள் ருமானா. எப்போதும் சென்னையிலேயே கொலைகாரர்களைப் பிடிக்கும் துப்பறியும் தொடரின் இன்ஸ்பெக்டர் இந்த வாரம் மதுரைக்கு வந்திருந்தார். காளவாசலில் இவர்கள் வீட்டில்தான் போன மாதம் படம்பிடித்தார்கள்.

"மதுரையில எவன் 'ஏலே'ங்கிறான்? திருநெல்வேலி பஸ்ல ஏறிட்டாங்க போல," என்றான் சிராஜ். ருமானா சிரித்தாள்.

திரையில் இன்ஸ்பெக்டர் கூடத்தில் நின்று, "உள்ள யாருலே?" என்றார்.

"நான்தாண்ணே. இந்தா வாரேன்," என்றது உள்ளறைக் குரல்.

அவன் ஒருத்தன்தான் ஒழுங்காக மதுரை பேசினான். ருமானாவின் சிரிப்பு நின்றுபோனது. அது சிராஜின் தம்பி யாசீனின் குரல். யாசீனை அடக்கம் செய்து ஒரு வருஷம் ஆகிறது. குழிக்குள் இறங்கி உடலை வாங்கி வைத்ததே சிராஜ்தான்.

"டப்பிங்ம்மா. எவனோ பேசியிருக்கான்." சிராஜ் டிவியை அணைத்தான்.

"இந்தா வாரேம்மா," என்று வீட்டின் உள்ளறையிலிருந்து கேட்டது.

அஜ்மல் பீவி எழுந்தார். "நீ அலையாத அத்தா, எம் மகனே. நானே வாரேன்."

சிராஜ் அம்மாவின் கையைப் பிடித்தான். அவர் உதறிவிட்டு உள்ளே போனார். அவன் எட்டுவதற்குள் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.