பீப்பாய்க்கு அடியில் செங்கல்

சமயநல்லூர் மண்ணெண்ணெய்க் கடையில் வரிசையாக நிற்கும் தகர டின்களின் மேல் வெயில் பட்டுக் கண் கூசுகிறது. டின்களை இடம்பிடிக்க வைத்துவிட்டு, ஆட்கள் வேப்பமர நிழலில் நின்று நாடு எப்போது கெட்டது என்று சண்டை போடுகிறார்கள். "வெள்ளைக்காரன் கப்பலேறின அன்னிக்கே போச்சுப்பா" என்கிறார் ஓய்வுபெற்ற குமாஸ்தா ஹாலாஸ்யம். "அட போங்க சாமி, படிச்சவன் கைய நீட்ட ஆரம்பிச்சப்பத்தேன் கெட்டுச்சு" என்று துண்டை உதறுகிறார் சம்சாரி நல்லகாமன். பீப்பாயை இரண்டு செங்கல் கொடுத்துச் சாய்த்து அளந்துகொண்டிருக்கும் மலையாண்டி, இருவருக்கும் தலையாட்டுகிறான். கடை திறக்குமுன்பே, முதலாளி சொன்னபடி, பாதி எண்ணெயைப் பின்வாசலில் நின்ற வண்டிக்கு இறைத்துக் கொடுத்தவன் அவன்தான். இப்போது அளவுப்படியில் நூலாக விழுந்துகொண்டிருந்த எண்ணெய் சொட்டாகி, சொட்டும் நிற்கிறது. அடுத்த டின் ஒச்சாயியுடையது. காய்ச்சலில் துவண்ட பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவள் பீப்பாயை எட்டிப் பார்த்துவிட்டு மலையாண்டியிடம் சொல்கிறாள். "நாடு எப்பக் கெட்டுச்சோ, எனக்குத் தெரியாதுண்ணே. விடிய நான் டின்னு வைக்கிறப்ப, இந்தப் பீப்பாயை நெறகனமா உருட்ட மாட்டாம உருட்டிக்கிட்டு வந்தீகளே." நிழலில் நின்றவர்கள் பீப்பாயைத் திரும்பிப் பார்க்கிறார்கள். மலையாண்டி அவள் முகத்தைப் பார்க்காமல் குனிந்து, பீப்பாய்க்கு அடியில் இன்னொரு செங்கலைச் செருகுகிறான்.