நம்ம பக்கத்துப் புட்டி

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்றுதான் எனக்குப் பயம். அஞ்சாம் வகுப்போடு நின்றவள். முன்னே சொல்ல வேண்டியதைப் பின்னே சொல்லி, பாவத்தை யார் தலையிலாவது கட்டிவிட்டால்?

இந்த மதுவிலக்குக் காலத்தில், போன வாரம் எங்கள் வீட்டில் ஒரு குடி விருந்து நடந்தது. ஊற்றிக் கொடுத்தவள் நான்தான்.

என் வீட்டுக்காரர் சூசைக்குத் திண்டுக்கல் தோல் ஷாப்பில் கணக்கு வேலை. அங்கே தோல் வாங்க ருஷ்யாவிலிருந்து ஒருத்தர் வந்திருந்தார். தன் ஊர் வோட்காவையும் மீன் சினையையும் எல்லோரும் கூட உட்கார்ந்து ருசி பார்க்க வேண்டுமாம். முதலாளி சனாவுல்லா எங்கள் வாசலில் வந்து தயங்கி நின்றார். அவருக்குப் பின்னால் ஆள் ஒருத்தன் பெட்டியோடு நின்றான்.

"சூசை, எங்க வீட்டுல அது ஹராம். உங்க வீட்டுல வச்சுக்கலாமா? நீங்க வேதக்காரங்க..."

எனக்கு உடம்பு கூசியது. கிறிஸ்தவ வேதக்காரர் வீடென்றால் குடி இருக்கும் என்று நினைத்துவிட்டாரே!

"பர்மிட்டு இருக்குங்களா, முதலாளி?" என்றேன்.

"அவருக்கு மட்டும் இருக்கும்மா. மத்தவங்க ஒரு மடக்கு குடிச்சாலும் ஜெயிலுதான். ஆனா கூடக் குடிக்கலேன்னா அவரு கோவிச்சுக்குவாரு. பாத்துச் செய்யும்மா."

எதைப் பார்த்து, எப்படிச் செய்வது?

விருந்தன்று மேசையில் வெள்ளைத் துணி விரித்தேன். ஐஸ் கட்டியில் ஒட்டியிருந்த மரத்தூளைக் கழுவி, உடைத்து, தாம்பாளத்தில் பரப்பி, நடுவில் டப்பாவை வைத்தேன். திறந்தால் கறுகறுவென்று கடுகு மாதிரி சினை.

"வெங்காயம் போட்டுப் பொரிச்சிரவா?"

"அடிப்பாவி, அது பச்சையாத் திங்கிறது!" என்றார் என் வீட்டுக்காரர்.

வோட்கா இரண்டு புட்டி. ஒன்றை ருஷ்யாக்காரர் பக்கம் வைத்தேன். ஒன்றை நம்மாட்கள் பக்கம், முதலாளி கூப்பிட்டிருந்த ஊர்ப் பெரியவர்களுக்கு.

உதவிக்கு அடுத்த வீட்டிலிருந்து என் ஓரகத்தி செபஸ்தியம்மாள் வந்தாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு, ஒரே கயிறு. அவள் புருசன் பாஸ்கல் வாத்தியார் என் வீட்டுக்காரருக்கு அண்ணன். மதுவிலக்குக் கூட்டம் எங்கே நடந்தாலும் மேடையில் அவர் இருப்பார்.

"தப்பு நடக்காமப் பாத்துக்கத்தான் வந்தேன்" என்றவர்தான் முதலில் கிளாஸை நீட்டினார். "ஊத்து வியாகுலம். விருந்தாளிக்கு மரியாதை."

ஊற்றினேன். ஒரே மடக்கு. முகத்தைச் சுளித்துக்கொண்டு, "யப்பா, நெருப்பு!" என்றார். மற்றவர்களும் குடித்துவிட்டு, ஆமாம் நெருப்பு என்றார்கள். முதலாளி நன்னாரி சர்பத்தோடு ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்.

ருஷ்யாக்காரர் ஒரு கரண்டி சினையைச் செபஸ்தியிடம் சிரித்தபடி நீட்டினார். அவள் மரியாதைக்கு வாயில் போட்டாள். உவ்வென்று முந்தானையில் துப்பிவிட்டாள். ருஷ்யாக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

பளாரென்று அவள் கன்னத்தில் வாத்தியாரின் அறை.

"எம் மானத்த வாங்கவே வந்தியாடி, கழுத!"

சிரிப்பு நின்றது. ருஷ்யாக்காரர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். நான் புட்டியை வைத்துவிட்டுச் செபஸ்தியை அடுப்படிக்குக் கூட்டிப் போனேன்.

செபஸ்தி எங்கள் வீட்டிலேயே படுத்துக்கொண்டாள். காலையில் கன்னம் வீங்கியிருந்தது. பையில் இரண்டு சேலையை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"ஒட்டன்சத்திரத்துக்கு, எந்தம்பி வீட்டுக்குப் போறேன். ஒவ்வொரு அடிக்கும் ஒரு காரணம் வச்சிருப்பாரு வியாகுலம். ஒரு நா வெஞ்சனத்துல உப்பு, ஒரு நா வெயிலு."

அதற்குள் வாசலில் பாஸ்கல் வாத்தியார். பின்னால் பாதித் தெரு.

"செபஸ்தி, நேத்து அடிச்சது நானில்ல. அந்தச் சனியன் உள்ள போயி அடிச்சது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சகாய மாதா மேல ஆணையா இனி அதத் தொட மாட்டேன். போதுமா?"

செபஸ்தியின் கை பையை நழுவ விட்டது. "குடிச்சவரு என்ன செய்வாரு, பாவம்" என்றாள் என்னிடம், மெல்ல.

வாத்தியார் என் பக்கம் திரும்பினார்.

"ஊத்திக் குடுத்தது இவ! ஒரு குடும்பத்தக் கெடுக்கப் பாத்தியே!"

"ஜெபமாலைய உருட்டுற கையி, என்ன ஊத்து ஊத்துது பாருங்கடி!" என்று தெருவில் ஒருத்தி சொன்னாள். வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை.

"எங்க அந்தப் புட்டி? கொண்டா, எங் கையாலேயே உடைக்கிறேன்."

நம்ம பக்கத்துப் புட்டியைக் கொண்டு வந்தேன். பாதி மீதி இருந்தது. உள்ளதைச் சொன்னால் ஊர்ப் பெரியவர்கள் எல்லோர் முகத்திலும் கரி பூசியது போலாகும், என் வீட்டுக்காரர் வேலையும் போய்விடும். புட்டியை வாத்தியாரிடம் கொடுக்காமல், ஒரு டம்ளரில் ஊற்றிச் செபஸ்தியிடம் நீட்டினேன்.

"ஒரு வாய் குடிங்கக்கா."

"ஏத்தா, உனக்கென்ன கிறுக்கா?"

"குடிங்கக்கா."

ஒரு வாய் குடித்தாள். என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் டம்ளரைப் புருசனிடம் நீட்டினாள்.

"இந்தாங்க. நீங்களும் இன்னொரு வாய் குடிச்சுப் பாருங்க."

"சீச்சீ! இப்பத்தான ஆணையிட்டேன்!"

டம்ளரை அவர் காலடியில் வைத்துவிட்டுச் செபஸ்தி பையை எடுத்தாள்.

"பஸ்ஸு போயிரும். வாரேன் வியாகுலம்."

நல்ல தண்ணி மட்டுமே குடித்துப் பழகிய வாத்தியாருக்கு அந்த ருசி தெரியாது. தினம் இறைக்கிறவளுக்குத் தெரியாதா எங்கள் கிணற்று உப்புத் தண்ணி? போலீசுக்குப் பயந்து, விருந்தாளிகள் வரும் முன்பே நம்ம பக்கத்துப் புட்டியைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, நான் நிரப்பி வைத்தது அதைத்தான்.